தொப்புள்கொடி இரத்தமா, தம்பியின் என்பு மச்சையா, தகப்பனின் பாதிப் பொருத்தமா?

பிறக்கப்போகும் பிள்ளையின் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து வைத்தால் மூத்த பிள்ளையின் தலசீமியாவை (பெற்றோரிடமிருந்து வரும் இரத்தக் குறைபாட்டு நோயை) குணப்படுத்தலாமாம் என்ற பேச்சு இப்போது வாழைச்சேனையிலும் கேட்கிறது, அக்கரைப்பற்றிலும் கேட்கிறது. பொய்ப் பேச்சு இல்லை. ஆனால் சொல்பவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அந்த இரத்தம் மூத்த பிள்ளையோடு பொருந்துமா, பொருந்தினாலும் அளவு காணுமா, அதைவிடத் தோதான ஆள் ஏற்கெனவே வீட்டுக்குள் ஓடித் திரிகிறாரா என்பதெல்லாம் மிச்சப் பாதி. காசும் காலமும் போவது அந்த மிச்சப் பாதியில்தான்.

கணக்குப் பார்க்க வசதியாக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கல்முனைப் பக்கம். மூத்த மகளுக்கு ஆறு வயது, எடை 18 கிலோ, நோய் பீட்டா தலசீமியா மேஜர், அதாவது தலசீமியாவின் கடுமையான வகை. மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றுகிறார்கள். அதனால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்ற மருந்தும் கொடுக்கிறார்கள். தம்பிக்கு மூன்று வயது, நோய் இல்லை. தாய் இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

இவர்கள் முன்னால் ஆறு வழிகள் இருக்கின்றன. தம்பியின் என்பு மச்சை. பிறக்கப்போகும் பிள்ளையின் தொப்புள்கொடி இரத்தம். வெளிநாட்டு வங்கியில் உறைந்து கிடக்கும், யாரென்றே தெரியாத ஒரு குழந்தையின் தொப்புள்கொடி இரத்தம். கொடையாளர் பதிவேட்டில் பெயர் கொடுத்த ஒரு வளர்ந்தவரின் கலங்கள். பாதி பொருந்தும் தகப்பன் அல்லது தாய். கடைசியாக, இப்படி வேறொருவரின் மூலக் கலங்களை, அதாவது இரத்தத்தை உண்டாக்கும் கலங்களை, ஏற்றும் மாற்றுச் சிகிச்சையே வேண்டாம், இரத்தம் ஏற்றுவதையே தொடர்வோம் என்பது.

எதைப் பொருத்திப் பார்க்கிறார்கள்?

"எனக்கும் பிள்ளைக்கும் ஒரே ஓ பொசிட்டிவ், என்னுடையதை எடுங்கோ" என்று சித்தப்பாமார் முன்வருவார்கள். நல்ல மனசுதான். ஆனால் இந்தச் சிகிச்சையில் இரத்த இனம் ஆளைத் தீர்மானிப்பதில்லை. ஓ இனப் பிள்ளைக்கு ஏ இனத்தவரின் மூலக் கலங்களைக் கொடுக்கலாம். அவை வேரூன்றிய பிறகு பிள்ளையின் இரத்த இனமே ஏ ஆக மாறிவிடும்.

பார்க்கப்படுவது எச்.எல்.ஏ. எனும் அடையாளப் புரதங்கள். உடம்பின் ஏறக்குறைய எல்லாக் கலங்களின் மேற்பரப்பிலும் இவை இருக்கின்றன. எது நம்முடையது, எது அந்நியம் என்று நிர்ப்பீடனத் தொகுதி பிரித்தறிவது இவற்றை வைத்துத்தான். பிரெஞ்சு மருத்துவர் ஜான் டொசே இவற்றில் முதலாவதை 1958இல் விவரித்தார். 1980இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று பெயரிடப்பட்ட எச்.எல்.ஏ. வகைகள் 40,000ஐத் தாண்டிவிட்டன. அறிமுகமில்லாத இருவர் பொருந்துவது ஏன் இவ்வளவு அரிது என்பதற்கு இந்த எண்ணிக்கையே போதும்.

குடும்பத்துக்குள் கதை வேறு. இந்தப் பரம்பரை அலகுகள் ஆறாவது நிறமூர்த்தத்தில் அருகருகே இருப்பதால் பெரும்பாலும் ஒரே கட்டாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். தகப்பனிடம் இரண்டு கட்டு, தாயிடம் இரண்டு கட்டு. பிள்ளைக்கு ஒவ்வொருவரிடமிருந்தும் ஒன்று. ஆகவே பெற்றோர் பெரும்பாலும் பாதிதான் பொருந்துவார்கள். கூடப்பிறந்த ஒருவர் முழுவதும் பொருந்த 25 வீத வாய்ப்பு, பாதி பொருந்த 50 வீதம், ஒன்றுமே பொருந்தாமல் போக 25 வீதம். கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேர் என்றால் அவர்களில் ஒருவராவது முழுவதும் பொருந்தும் வாய்ப்பு 44 வீதம். மூன்று பேர் என்றால் 58 வீதம்.

இங்கே குடி எனும் குலப் பிரிவு பற்றி ஒரு வார்த்தை. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடி தாய்வழியாக வருகிறது. அதனால் பெரியம்மா பிள்ளைகளை ஒரே குடி, கூடப்பிறந்தவர்கள் மாதிரி என்று எண்ணி, "அவங்களையும் செக் பண்ணிப் பாருங்கோ மகள், கட்டாயம் பொருந்தும்" என்று மூத்தவர்கள் சொல்வதுண்டு. ஆறாவது நிறமூர்த்தம் குடியைப் பார்ப்பதில்லை. பிள்ளையின் எச்.எல்.ஏ.யில் பாதி வேறு குடியிலிருந்து வந்த தகப்பனுடையது. பெரியம்மா பிள்ளையிடம் நல்ல காலம் இருந்தால் தாய்வழிக் கட்டு ஒன்று ஒத்துப்போகும், அவ்வளவுதான். ஆனால் மச்சான் மச்சாள் திருமணம் தலைமுறை தலைமுறையாக நடந்த குடும்பத்தில் நிலைமை மாறும். தாயும் தகப்பனும் ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து ஒரே கட்டைப் பெற்றிருக்கலாம். அப்படியான வீட்டில் பெற்றோரில் ஒருவர், ஒரு மாமா, ஏன் ஒரு மச்சாள்கூட முழுவதும் பொருந்திவிடுவது உண்டு. சொந்தத்துக்குள் கட்டியவர்கள் அதை வைத்தியரிடம் மறைக்காமல் சொன்னால், பரிசோதிக்க வேண்டியவர்களின் பட்டியலை அவர் கொஞ்சம் நீட்டுவார்.

எத்தனை இடம் பொருந்த வேண்டும்?

வளர்ந்த, உறவில்லாத கொடையாளர் என்றால் எச்.எல்.ஏ.யின் ஏ, பி, சி, டி.ஆர்.பி.1 (இவை இரத்த இனங்கள் அல்ல) ஆகிய நான்கு இடங்களிலும், இரண்டு பக்கமும் சேர்த்து எட்டுக்கு எட்டு கேட்பார்கள். சில நிலையங்கள் டி.கியூ.வையும் சேர்த்துப் பத்துக்குப் பத்து என்பார்கள். தொப்புள்கொடி இரத்தத்துக்கு நெடுங்காலம் ஆறு இடம்தான் பார்த்தார்கள்: ஏ, பி இரண்டையும் மேலோட்டமாக, டி.ஆர்.பி.1ஐ நுணுக்கமாக. அதில் ஆறுக்கு நான்கு இருந்தாலே போதும் என்றார்கள்.

இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது? பிறந்த குழந்தையின் வெண்குருதிக் கலங்கள் இன்னும் எதையும் எதிர்த்துப் பழகாதவை. போதாததற்கு, ஒன்பது மாதம் தாயின் கருப்பையில், தனக்கு வராத தாயின் மறுபாதி அடையாளங்களோடும் அந்தக் குழந்தை ஒத்துப்போய் இருந்திருக்கிறது. மாற்றுச் சிகிச்சையின் பெரிய பயம், வந்த கலங்கள் நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் அந்நியம் என்று தாக்குவது. தொப்புள்கொடிக் கலங்கள் இதைக் குறைவாகச் செய்கின்றன, முக்கியமாக ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகும் வகையை. கொடை கொடுத்த குழந்தையின் தாயுடைய எச்.எல்.ஏ.யையும் பார்த்து, பொருந்தாத இடம் அந்தத் தாயின் மறுபாதியோடு ஒத்துப்போகிறதா என்று தேடும் வழக்கமும் இதனால்தான் வந்தது.

முதல் தொப்புள்கொடி இரத்த மாற்றம் 1988இல் பாரிஸின் சென் லூயி வைத்தியசாலையில் எலியான் குளுக்மன் தலைமையில் நடந்தது. நோயாளி ஃபன்கோனி குருதிச்சோகை (என்பு மச்சை செயலிழக்கும் ஒரு பரம்பரை நோய்) உள்ள ஐந்து வயது அமெரிக்கச் சிறுவன். கொடுத்தது முழுவதும் பொருந்திய அவனுடைய தங்கை. இந்தக் கடைசி வசனத்தைக் கவனியுங்கள். பொருத்தமில்லாவிட்டாலும் சரி என்ற நம்பிக்கையில் தொடங்கிய சிகிச்சை இல்லை இது. பொறுமை பின்னால் கண்டுபிடிக்கப்பட்டது, அதற்கும் எல்லை உண்டு. குருதிப் புற்றுநோயாளர்களுக்கு ஒரே ஒரு குழந்தையின் கொடி இரத்தத்தால் செய்த மாற்றங்களை எட்டு இடமும் நுணுக்கமாகத் திரும்பப் பார்த்து 2014இல் வெளியான ஆய்வில், எட்டும் பொருந்தியவர்களில் நோய் திரும்பாமலே மூன்றாண்டுக்குள் இறந்தவர்கள் 9 வீதம். ஐந்து இடம் பொருந்தாதவர்களில் 41 வீதம். அதன் பிறகு தொப்புள்கொடிக்கும் எட்டு இடம் பார்ப்பதே நல்ல நிலையங்களின் வழக்கமாகியது. யாராவது "கொடி இரத்தத்துக்குப் பொருத்தமே தேவையில்லை" என்று சொன்னால் அவர் விற்க வந்தவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பொருத்தத்தை விழுங்கிவிடும் அளவு

ஏக்கருக்கு இரண்டு புசல் விதைநெல் போகும் வயலில், இனம் அருமையான இனம் என்பதற்காக அரைப் புசலை வீசிவிட்டு வந்தால் என்ன விளையும் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தொப்புள்கொடியின் முதற் குறை இதுதான். ஒரு கொடியிலும் நச்சுக்கொடியிலும் மிஞ்சும் இரத்தம் நூறு மில்லிலீற்றருக்குக் கூடக்குறைய. அதில் இருக்கும் கலங்கள் நோயாளியின் எடைக்குப் போதுமா என்பதே கேள்வி.

புற்றுநோய்க்கு நோயாளியின் ஒரு கிலோவுக்குக் குறைந்தது இரண்டரைக் கோடி கலங்கள் கேட்பார்கள். தலசீமியாவில் உடம்பு புதிய கலங்களைத் தள்ளிவிடப் பார்ப்பது கூடுதல் என்பதால் நான்கு கோடி வரை கேட்பார்கள். நம் 18 கிலோப் பிள்ளைக்கு அது 72 கோடி. நன்றாக எடுத்த ஒரு பையில் இது இருக்கவும் கூடும், இல்லாமல் போகவும் கூடும். விளிம்பில் நிற்கிற எண். 60 கிலோ வளர்ந்தவருக்கு இரண்டரைக் கோடிக் கணக்கிலேயே 150 கோடி வேண்டும். வங்கியில் உள்ள பைகளில் மிகச் சிலவே அதைத் தொடும். அதனால்தான் வளர்ந்தவர்களுக்கு இரண்டு குழந்தைகளின் பைகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. கலங்களை ஆய்வுகூடத்தில் பெருக்கிக் கொடுக்கும் ஒரு தயாரிப்பை அமெரிக்கா 2023இல் அனுமதித்தது. அதன் விலை நமக்கான பேச்சே இல்லை.

அளவு குறைந்தால் வேரூன்றத் தாமதமாகும். என்பு மச்சை மூன்று கிழமைக்குள் வெண்குருதிக் கலங்களைக் காட்டத் தொடங்கும் இடத்தில் தொப்புள்கொடி நான்கு கிழமை, சிலவேளை அதற்கும் மேல் எடுக்கும். அந்த ஒவ்வொரு நாளும் பிள்ளை கிருமிக்கு எதிராக ஒன்றுமில்லாமல் தனியறையில் கிடக்கிறது. பொருத்தத்தில் ஒரு இடம் கூடுதலாக உள்ள சின்னப் பையா, ஒரு இடம் குறைவான பெரிய பையா என்று வைத்தியர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வதும் இங்கேதான்.

தம்பியா, பிறக்கப்போகிறவரா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தம்பியைத்தான் முதலில் பரிசோதிக்க வேண்டும், அதுவும் தாயின் பிரசவத்துக்கு முன்னால். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுத்தால் போதும், அல்லது கொஞ்சம் இரத்தம். அவன் பொருந்திவிட்டால் தொப்புள்கொடிப் பேச்சுக்கே அவசரம் இல்லை. அவன் தலசீமியாக் காவியாக, அதாவது நோயில்லாமல் அதன் அலகை மட்டும் சுமப்பவனாக, இருந்தாலும் பரவாயில்லை. காவியின் மச்சை நோயாளிக்குப் போதுமானது. மயக்கமருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுப்பார்கள். சில நாள் வலிக்கும், எடுத்த மச்சை சில கிழமையில் திரும்ப ஊறிவிடும். இவ்வளவு சின்னப் பிள்ளையைக் குத்துவதா என்று மாமியார் கண் கலங்குவது இயல்பு. ஆனால் பொருந்திய கூடப்பிறந்தவரின் மச்சைதான் தலசீமியாவுக்கு உலகெங்கும் முதல் தெரிவு. 14 வயதுக்கு முன்னால், ஈரல் கெடுமுன் செய்யப்பட்டவர்களில் 90 வீதத்துக்கும் மேல் உயிரோடு இருக்கிறார்கள்.

தம்பி பொருந்தாவிட்டால் பிறக்கப்போகும் பிள்ளை. அதற்கும் பொருந்த 25 வீத வாய்ப்பு. ஆனால் அந்தப் பிள்ளைக்கும் தலசீமியா மேஜர் வர 25 வீத வாய்ப்பு இருக்கிறது. தலசீமியாவுக்கான அலகு பதினோராம் நிறமூர்த்தத்தில் இருப்பதால் இரண்டு கணக்கும் தனித்தனி. நாலில் ஒன்றை நாலில் மூன்றால் பெருக்கினால் பதினாறில் மூன்று. இப்படிப்பட்ட 16 குடும்பங்களில் 13 குடும்பங்களுக்கு அந்தப் பை மூத்த பிள்ளைக்கு உதவாது. இதைக் கேட்டு மனம் சோர்ந்து எடுக்காமலே விடச் சொல்லவில்லை. பிள்ளை ஏற்கெனவே நோயோடு இருக்கும் குடும்பத்தில் எடுத்துவைப்பது சரியான காரியம், குழந்தைக்கு வலியும் இல்லை. எடுத்தவுடனே பொருத்தத்தையும் தலசீமியாவையும் பார்த்து, உதவாதென்றால் ஆண்டாண்டுக்குச் சேமிப்புக் கட்டணம் கட்டாமல் விட்டுவிடலாம் என்றுதான் சொல்கிறேன்.

பொருந்திய கூடப்பிறந்தவரின் கொடி இரத்தம் மச்சையைவிடத் தாழ்வா? இல்லை. தலசீமியாவோ, இன்னொரு பரம்பரை இரத்த நோயான அரிவாட்கல நோயோ உள்ள 485 பேரைப் பார்த்து 2013இல் வெளியான ஆய்வில், தலசீமியாப் பிள்ளைகள் ஆறாண்டு முடிவில் நோயின்றி இருந்தது மச்சை பெற்றவர்களில் 86 வீதம், தொப்புள்கொடி பெற்றவர்களில் 80 வீதம். இரு நோய்களையும் சேர்த்து உயிரோடு இருந்தது முறையே 95, 97 வீதம். கொடி இரத்தம் பெற்றவர்களில் ஒருவருக்குக்கூட, வந்த கலங்கள் நோயாளியைத் தாக்குவதால் உடம்பெங்கும் பரவும் நீண்டகால எதிர்ப்பு நோய் வரவில்லை. மெதுவாக வேரூன்றியது உண்மை, ஆனால் இறுதிக் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை விற்பனை முகவர்கள் சொல்வதில்லை. பிறந்த பிள்ளை பொருந்தியும் பையில் கலம் குறைவாகிவிட்டால், அல்லது பிரசவ அவசரத்தில் எடுக்கவே முடியாமல் போய்விட்டால், எல்லாம் முடிந்துவிடவில்லை. கொடையாளர் வீட்டில்தான் வளர்கிறார். ஒரு வயது, இரண்டு வயது ஆனதும் அவருடைய மச்சையை எடுக்கலாம். சேமித்த கொடி இரத்தத்தோடு சேர்த்தும் கொடுக்கலாம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த இரண்டு ஆண்டு காத்திருக்கும் இடைவெளி இருக்கிறது. கடுமையான குருதிப் புற்றுநோய் என்றால் இராது.

எடுக்கும் முறை பற்றி. பிரசவத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே மகப்பேற்று வைத்தியரிடமும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் சொல்லிவைக்க வேண்டும். பிரசவ அறை மிஸ்ஸிக்கு அன்று காலையில் பெட்டியை நீட்டுவது நியாயமில்லை. கொடியை உடனே கட்டாமல் குறைந்தது ஒரு நிமிடம் பொறுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, பிறந்த குழந்தைக்கு இரும்புச்சத்துக் கிடைப்பதற்காக. பொறுத்தால் பைக்கு வரும் இரத்தம் குறையும். இந்த இழுபறியைத் தீர்க்க வேண்டியது வைத்தியர், பை கொண்டுவந்த முகவர் இல்லை. எடுத்த பை 48 மணித்தியாலத்துக்குள் பதப்படுத்தும் ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல் என்பதால் அது முடியாத காரியம் இல்லை. ஆனால் யார் கொண்டுபோவது, போயா நாளாக இருந்தால் யார் வாங்கிக்கொள்வது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பொருந்தும் பிள்ளையாகவே கருவைத் தெரிந்தெடுக்கும் முறையும் உலகில் உண்டு. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆடம் நாஷ் என்ற குழந்தை அப்படித் தெரிந்தெடுக்கப்பட்டுப் பிறந்தான். அவனுடைய தொப்புள்கொடி இரத்தம் அக்கா மொலிக்குக் கொடுக்கப்பட்டது. நம் குடும்பத்தில் கரு ஏழு மாதம், ஆகவே அந்தப் பேச்சைத் தாண்டிவிடலாம்.

யாரோ ஒருவரின் கொடி இரத்தம்

உலகப் பொது வங்கிகளில் சுமார் எட்டு இலட்சம் பைகள் இருக்கின்றன. தேடினால் ஆறுக்கு நான்கோ ஐந்தோ பொருந்தும் பை பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கிடைத்துவிடும். பதிவேட்டுக் கொடையாளரைப் போல ஊரில் இல்லை, விருப்பம் மாறிவிட்டது என்ற தொல்லையும் இல்லை. பை ஏற்கெனவே தயாராகத் திரவ நைதரசனில் கிடக்கிறது. அப்படியிருந்தும் தலசீமியாவுக்கு நான் இதைப் பட்டியலின் அடியில்தான் வைப்பேன். 2011இல் வெளியான தொகுப்பில் உறவில்லாதவரின் கொடி இரத்தம் பெற்ற 35 தலசீமியாப் பிள்ளைகளில் 20 பேருக்கு அது வேரூன்றவே இல்லை. நோயின்றி இருந்தவர்கள் 21 வீதம்தான்.

காரணத்தின் ஒரு பகுதி இரத்தம் ஏற்றுவதிலேயே இருக்கிறது. ஆண்டுக்கணக்காகப் பலருடைய இரத்தத்தைப் பெற்ற பிள்ளையின் உடம்பு, அந்நிய எச்.எல்.ஏ.க்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகளை, அதாவது அவற்றைத் தேடித் தாக்கும் புரதங்களை, தயாரித்து வைத்திருக்கும். புதிய பையில் பொருந்தாத இடம் எதுவோ அதற்கு எதிரான பிறபொருளெதிரி பிள்ளையிடம் இருந்தால், வரும் கலங்கள் கால் வைக்குமுன்பே விரட்டப்படும். அதனால் பொருத்தப் பரிசோதனையோடு இந்தப் பிறபொருளெதிரிப் பரிசோதனையையும் கேட்டு வாங்க வேண்டும். பாதிப் பொருத்தத்துக்கும் இதே கதைதான். இதோடு ஒட்டிய ஒரு சின்ன விடயத்தைப் பலர் அறிவதில்லை: மாற்றுச் சிகிச்சைக்கு வாய்ப்புள்ள பிள்ளைக்குத் தகப்பனோ தாயோ மாமாவோ இரத்தம் கொடுக்கக்கூடாது. பாசத்தில் கொடுக்கும் அந்தப் போத்தல், நாளைக்குக் கொடையாளராகக்கூடிய அவருக்கே எதிராகப் பிள்ளையின் உடம்பைப் பழக்கிவிடும்.

இன்னொரு குறை, முன்பின் தெரியாதவரின் பையில் இரண்டாம் வாய்ப்பு இல்லை. அது தோற்றால் அதே குழந்தையிடம் போய் இன்னும் கொஞ்சம் தா என்று கேட்க முடியாது. விலையும் அமெரிக்க வங்கிகளில் பல பத்தாயிரம் டொலர்.

பதிவேடும் பாதிப் பொருத்தமும்

உலகப் பதிவேடுகளில் நாலு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்றால் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் அதில் நம் மாதிரி ஆட்கள் எத்தனை பேர்? அமெரிக்கப் பதிவேட்டைப் பார்த்து 2014இல் செய்த கணிப்பில், ஐரோப்பிய வம்சாவளியினருக்கு எட்டுக்கு எட்டு கிடைக்கும் வாய்ப்பு 75 வீதம். தெற்காசியருக்கு அதில் பாதிக்கும் குறைவு. நமக்கு அருகில் உள்ளது சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி பதிவேடு. தமிழ் முகங்கள் அதிகம் உள்ள இடம் என்பதால் தேடுபவர்கள் அதை விட்டுவிடக்கூடாது. எட்டுக்கு எட்டு பொருந்தும் இளம் கொடையாளர் கிடைத்தால் தலசீமியாவுக்கு அது உறவில்லாதவரின் கொடி இரத்தத்தைவிட எவ்வளவோ மேல்.

பாதிப் பொருத்தம்தான் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டில் எல்லாக் கணக்கையும் புரட்டிப் போட்டது. மாற்றம் முடிந்து மூன்றாம், நான்காம் நாளில் சைக்ளோபொஸ்பமைட் என்ற பழைய, மலிவான மருந்தைக் கொடுத்தால், நோயாளியைத் தாக்கத் துடிக்கும் கலங்கள் அழிந்து மூலக் கலங்கள் தப்பிவிடும் என்பதை அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் குழுவினர் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். தகப்பன் ஒருவர் உயிரோடு இருந்தால் கொடையாளர் இருக்கிறார் என்றாகிவிட்டது. குருதிப் புற்றுநோயும் நிணநீர்ப் புற்றுநோயும் உள்ள 368 வளர்ந்தவர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, இரட்டைக் கொடி இரத்தத்தையும் பாதிப் பொருத்த மச்சையையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வெளியானது. இரண்டாண்டில் நோய் முற்றாமல் இருந்தது 35க்கு 41 வீதம், பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் உயிரோடு இருந்தது கொடி இரத்தம் பெற்றவர்களில் 46 வீதம், பாதிப் பொருத்தத்தில் 57 வீதம். சிகிச்சையின் சிக்கல்களால் இறந்தவர்கள் 18க்கு 11 வீதம்.

ஆகவே கேள்வி தலசீமியா இல்லாமல் குருதிப் புற்றுநோயாக இருந்து, பொருந்திய கூடப்பிறந்தவரும் இல்லையென்றால், நான் தகப்பனின் பக்கம்தான் சாய்வேன். நேரம் மிச்சம், ஒரு பைக்கான டொலர் மிச்சம், தேவைப்பட்டால் மறுபடியும் எடுக்கலாம். தலசீமியாவில் பாதிப் பொருத்தம் இன்னும் அந்த அளவுக்குத் தெளிவாகவில்லை. இந்தியாவில் செய்கிறார்கள், ஆனால் வேரூன்றாமல் போகும் ஆபத்து உண்டு. அனுபவம் உள்ள நிலையத்தில், பிறபொருளெதிரி பார்த்து, உடம்பை முன்கூட்டியே தயார்படுத்திச் செய்ய வேண்டிய காரியம் அது.

எதுவும் செய்யாமல் இருப்பது

மாற்றுச் சிகிச்சை வேண்டாம் என்பதும் ஒரு மதிப்பான தெரிவுதான், அதைத் தோல்வியாகப் பார்க்கக் கூடாது. ஒழுங்காக இரத்தம் ஏற்றி, இரும்பை ஒழுங்காக இறக்கி வந்தால் தலசீமியாப் பிள்ளைகள் வளர்ந்து படித்து வேலைக்கும் போகிறார்கள். மாற்றுச் சிகிச்சையில் சிலர் இறந்துபோகவும் செய்கிறார்கள், இரத்தம் ஏற்றிக்கொண்டே இன்னும் பல ஆண்டு இருந்திருக்கக்கூடிய பிள்ளைகள். முன்னதாகக் கொடுக்கும் கடும் மருந்துகளால் பிற்காலத்தில் பிள்ளைப்பேறு பாதிக்கப்படலாம் என்பதையும் பெற்றோர் முகத்துக்கு நேரே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பொருந்திய கூடப்பிறந்தவர் இருந்தால் தராசு மாற்றுச் சிகிச்சைப் பக்கம் சாய்கிறது. இல்லாவிட்டால் அவ்வளவு எளிதாகச் சாயாது. எப்படியானாலும் இரும்பை வெளியேற்றும் மருந்தை ஒரு நாளும் விடக்கூடாது. ஈரல் கெட்டபின் பொருந்திய தம்பி இருந்தும் பயன் குறைவு.

நோயில்லாத வீட்டுக்கு?

குடும்பத்தில் யாருக்கும் நோயில்லை, விளம்பரத்தைப் பார்த்து எடுத்துவைக்கலாமா என்று கேட்பவர்களுக்குப் பதில் சுருக்கமானது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2007இலும் 2017இலும் சொன்னது ஒன்றுதான்: கூடப்பிறந்தவருக்கு நோய் இருந்தால் எடுத்துவையுங்கள், வெறும் காப்புறுதியாகத் தனியார் வங்கியில் போடுவது பரிந்துரைக்கத் தக்கதல்ல. பிள்ளைக்கே பின்னால் தலசீமியா என்று தெரிந்தால் அதனுடைய சொந்தக் கொடி இரத்தத்திலும் அதே குறைதான் இருக்கும். அந்தக் காசைத் திருமணத்துக்கு முன் இருவரும் தலசீமியாக் காவியா என்று பார்க்கச் செலவழித்தால் இதைவிடப் பயன் கூட.

இனி நம் கல்முனைக் குடும்பத்துக்கு மீந்திருக்கும் இரண்டு மாதம். இந்தக் கிழமையே தம்பிக்கும் தாய்க்கும் தகப்பனுக்கும் எச்.எல்.ஏ., மகளுக்கு அதோடு பிறபொருளெதிரியும். முடிவு வர எத்தனை கிழமை என்று கேட்டுக்கொண்டே மாதிரி கொடுக்க வேண்டும். தம்பி பொருந்தினால் கொடிப் பெட்டிக்கு முற்பணம் கட்டாமல், நேரே மாற்றுச் சிகிச்சை நிலையத்தோடு பேச்சு. பொருந்தாவிட்டால் பெட்டி. வேலூர் சி.எம்.சி. 1986 முதல் இந்தச் சிகிச்சையைச் செய்து வருகிறது. கிழக்கிலிருந்து போகிறவர்களுக்கு மொழியும் தடையில்லை. வேலூரானாலும் கொழும்பானாலும், மாற்றம் நடந்து முதல் நூறு நாள் நிலையத்துக்கு அருகிலேயே தங்க வேண்டும். தாயும் மகளும் அங்கே நிற்கும்போது கைக்குழந்தையை எந்தப் பாட்டி பார்ப்பது, தம்பி கொடையாளர் என்றால் அவனையும் கூட்டிப்போக வேண்டுமே, தகப்பன் எத்தனை மாதம் வேலைக்குப் போகாமல் தாங்குவார் என்பதையெல்லாம் வைத்தியரிடம் தேதி வாங்குமுன் வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பார்க்க வேண்டும். தேதி சிறுபோக அறுவடையோடு மோதினால், ஆறு வயதுத் தலசீமியாப் பிள்ளைக்கு இரண்டு மாதம் தள்ளிப்போடக் கேட்பதில் தவறில்லை. நிலையங்கள் அதற்கு ஒத்துக்கொள்ளும்.